எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் துணைவகையும் விரிவாக்கமும்: எரரிலிருந்து காரணத்துக்கு

ஸ்கீமாவை (எக்ஸ்எம்எல் ஆவணத்தின் அமைப்பை விதிக்கும் ஃபைலை) எழுதியவர் ஒருவர், அதை நீட்டியவர் இன்னொருவர், ஆவணத்தை அனுப்பியவர் மூன்றாமவர். எரர் மட்டும் உங்கள் திரையில் வந்து நிற்கும். துணைவகை, விரிவாக்கம் சார்ந்த பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் கைக்கு வருகின்றன. அதனால் கருத்துப் பாடமாக எழுதாமல், நீங்கள் பார்க்கும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

எல்லா இடத்திலும் ஒரே உதாரணம்: ஒரு நூலகப் பட்டியல். அடிப்படை டைப்பின் பெயர் ‘பதிவுவகை’. அதில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்ற மூன்று எலிமென்ட்கள் இதே வரிசையில் வரும். அதை நீட்டி ‘ஒலிநூல்வகை’ செய்திருக்கிறோம். அதில் வாசித்தவர், நிமிடம் கூடுதல். எக்ஸ்எம்எல்லில் எலிமென்ட் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், இந்தப் பெயர்கள் அப்படியே செல்லும். ஸ்கீமா மொழியின் சொந்தச் சொற்களை இங்கே ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். ஃபைலில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்

இரண்டு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, உங்கள் வேலிடேட்டர் (ஆவணத்தை ஸ்கீமாவோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் கருவி) எந்தப் பதிப்பைப் பேசுகிறது? எக்ஸ்எஸ்டி (அதாவது எக்ஸ்எம்எல் ஸ்கீமா மொழி) 1.0 வந்தது 2001 மே மாதம். 1.1 வந்தது 2012 ஏப்ரலில். விரிவாக்கத்தில் இருந்த பெரிய வலிகளை 1.1 தீர்த்தது, ஆனால் பரவலாகப் புழங்கும் கருவிகள் பல இன்னும் 1.0இலேயே நிற்கின்றன. லிப்எக்ஸ்எம்எல்2, அதன்மேல் ஓடும் பைத்தானின் எல்எக்ஸ்எம்எல், டாட்நெட்டில் உள்ள வேலிடேட்டர் ஆகியவை 1.0. ஜாவா பக்கத்தில் அப்பாச்சி செர்செஸ் 2.12இலும், சாக்சனின் கட்டணப் பதிப்பிலும் 1.1 உண்டு. இணையத்தில் கிடைத்த ஒரு தீர்வு உங்களிடம் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, எரர் குறியீட்டின் முதல் மூன்றெழுத்து. செர்செஸ் தரும் குறியீடு ‘சிவிசி’ என்று தொடங்கினால் வேலிடேட்டர் குறை சொல்வது ஆவணத்தை. ‘சிஓஎஸ்’, ‘எஸ்ஆர்சி’ என்று தொடங்கினால் ஸ்கீமாவே தவறு. ஆவணத்தை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமல் தவறான ஃபைலில் மணிக்கணக்கில் தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘இந்தப் பெயரில் டைப்பே இல்லை’ என்கிறது

குறியீடு சிவிசி-எல்ட் 4.2. இந்தப் பதிவு எந்த டைப் என்று சொல்லும் எக்ஸ்எஸ்ஐ:டைப் ஆவணத்தில் இப்படி இருக்கும்:

<நூ:பதிவு எக்ஸ்எஸ்ஐ:டைப்="நூ:ஒலிநூல்வகை">

ஸ்கீமாவைத் திறந்து பார்த்தால் ஒலிநூல்வகை அங்கேயே இருக்கும். பிறகு ஏன்? மூன்று காரணங்களை இதே வரிசையில் சோதியுங்கள்.

ஒன்று, முன்னொட்டு. எக்ஸ்எஸ்ஐ:டைப்பின் மதிப்பு வெறும் எழுத்துத் தொடர் இல்லை, அது நேம்ஸ்பேஸோடு (பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரிக்கும் முகவரியோடு) சேர்ந்த ஒரு பெயர். ‘நூ’ என்ற முன்னொட்டு அந்த இடத்தில் எந்த முகவரிக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்னொட்டே போடாமல் ‘ஒலிநூல்வகை’ என்று மட்டும் எழுதினால், ஆவணத்தின் இயல்பு நேம்ஸ்பேஸ் எதுவோ அதில்தான் தேடும். ஸ்கீமா ஃபைலில் அதே முன்னொட்டு இருப்பது எந்த உதவியும் செய்யாது; ஆவணத்தின் முன்னொட்டுகள் ஆவணத்துக்கு மட்டுமே.

இரண்டு, ஸ்கீமா ஃபைல் உண்மையில் ஏறியதா? அடிப்படை ஒரு ஃபைலிலும் நீட்டிப்பு இன்னொரு ஃபைலிலும், இரண்டுக்கும் ஒரே நேம்ஸ்பேஸ் என்று வைத்திருந்தால் இதில் மாட்டுவீர்கள். செர்செஸ் இயல்பாக ஒரு நேம்ஸ்பேஸுக்கு முதலில் கிடைத்த ஃபைலை எடுத்துக்கொண்டு, அதே நேம்ஸ்பேஸுக்கு வரும் அடுத்ததை ஓசையில்லாமல் விட்டுவிடும். தீர்வு எளிது: இரண்டையும் ‘இன்க்ளூட்’ செய்யும் ஒரு தலைமை ஃபைல் எழுதி, வேலிடேட்டருக்கு அதை மட்டும் கொடுங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் தந்திரமானது. ஆவணம் அனுப்பும்போது சரியாக இருக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் இந்த எரர் வரும். நடுவில் இருக்கும் ஏதோ ஒரு கருவி ‘நூ’ முன்னொட்டின் அறிவிப்பைத் தேவையில்லை என்று நீக்கியிருக்கும். எலிமென்ட் பெயர்களிலும் ஆட்ரிபியூட் பெயர்களிலும் வரும் முன்னொட்டை அந்தக் கருவிகள் பார்க்கின்றன. ஆட்ரிபியூட்டின் மதிப்புக்குள் இருக்கும் முன்னொட்டு அவற்றின் கண்ணில் படுவதில்லை. டிஜிட்டல் கையொப்பத்துக்குப் பயன்படும் எக்ஸ்குளூசிவ் கனானிகல் வடிவத்தின் விதியே இதுதான். அந்த வடிவத்தையே எடுத்து மேலே அனுப்பும் அமைப்பில் எக்ஸ்எஸ்ஐ:டைப் அநாதையாகிவிடும். நான் ஒருமுறை இதற்கு முழு நாள் செலவிட்டேன். இரண்டு முனையிலும் இருந்த ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு வரி குறைவது தெரிந்தது. அந்த வடிவத்தின் விதியிலேயே தீர்வும் உண்டு: விடக்கூடாத முன்னொட்டுகளை ‘ப்ரீஃபிக்ஸ்லிஸ்ட்’டில் எழுதிவைக்கலாம்.

‘டைப் இருக்கிறது, ஆனால் வழிவந்தது இல்லை’ என்கிறது

சிவிசி-எல்ட் 4.3. நீங்கள் கொடுத்த டைப் கிடைத்துவிட்டது. ஆனால் பதிவு எலிமென்ட்டுக்கு அறிவித்த பதிவுவகையிலிருந்து அது முறையாக வழிவரவில்லை.

எக்ஸ்எஸ்டியில் உறவு பெயரால் வருவது, வடிவத்தால் அல்ல. பதிவுவகையின் மூன்று எலிமென்ட்களையும் அப்படியே நகலெடுத்து, கடைசியில் இரண்டைச் சேர்த்து ‘ஒலிநூல்வகை’ என்று பெயர் வைத்தால், பார்ப்பதற்குத் துணைவகை போலவே இருக்கும். வேலிடேட்டருக்கு அது அந்நியம். ‘எக்ஸ்டென்ஷன்’ (நீட்டுவது) என்றோ ‘ரெஸ்ட்ரிக்ஷன்’ (குறுக்குவது) என்றோ எழுதி, ‘பேஸ்’ பதிவுவகை என்று சொல்லியிருக்க வேண்டும். நகலெடுத்து ஒட்டிய ஸ்கீமாக்களில் இந்த எரர் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான்.

உறவு சரியாக இருந்தும் இதே எரர் வந்தால் ‘பிளாக்’ என்ற ஆட்ரிபியூட்டைத் தேடுங்கள். அடிப்படை டைப்பிலோ எலிமென்ட்டிலோ பிளாக்="எக்ஸ்டென்ஷன்" என்று இருந்தால், நீட்டிய டைப்பை எழுதலாம், ஆனால் அந்த இடத்தில் பயன்படுத்த முடியாது. ஸ்கீமாவின் உச்சியில் ‘பிளாக்டிஃபால்ட்’ என்று ஒரே வரியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள், அங்கேயும் பாருங்கள். இதன் உறவினர் ‘ஃபைனல்’. அது நீட்டுவதையே தடுக்கும், அதனால் எரர் ஸ்கீமா ஏறும்போதே வரும். பூட்டியவர் காரணத்தோடு பூட்டியிருக்கலாம். எடுப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.

பெயரால் உறவு என்ற இந்த வழி எல்லாருக்கும் பிடித்ததில்லை. ஜேம்ஸ் கிளார்க், முராதா மகோதோ இருவரும் வடிவமைத்த ரிலாக்ஸ் என்ஜியில் (2003இல் ஐஎஸ்ஓ தரநிலையானது) துணைவகை என்ற பேச்சே கிடையாது. அங்கே இருப்பது வடிவ விதிகள் மட்டும். ஒரு விதியோடு இன்னொரு தெரிவைச் சேர்த்துக்கொண்டே போகலாம். வலைத்தளங்களின் புதிய பதிவுகளைத் தரும் ‘ஆட்டம்’ என்ற ஊட்டத்தின் தரநிலை 2005இல் தன் ஸ்கீமாவை அதில்தான் எழுதியது. பல பேர் பல பக்கம் நீட்டப்போகும் ஆவண மொழி என்றால் என் ஓட்டும் அதற்கே. ஆனால் உங்கள் கையில் இருப்பது எக்ஸ்எஸ்டி என்றால் அதன் விதிப்படிதான் போயாக வேண்டும்.

‘ஆப்ஸ்ட்ராக்ட்’ என்று எரர்

இது சுலபம். ஆப்ஸ்ட்ராக்ட் என்றால் அடிப்படையாக மட்டும் இருப்பது, ஆவணத்தில் நேரடியாகப் பயன்படுத்த முடியாதது. சிவிசி-எல்ட் 2 என்றால் எலிமென்ட்டே ஆப்ஸ்ட்ராக்ட். அதற்குப் பதிலாக நிற்கக்கூடிய வேறு எலிமென்ட்டை எழுதுங்கள். சிவிசி-டைப் 2 என்றால் டைப்தான் ஆப்ஸ்ட்ராக்ட். எலிமென்ட் பெயரை அப்படியே விட்டு எக்ஸ்எஸ்ஐ:டைப்பில் ஒரு உருப்படியான டைப்பைக் கொடுங்கள்.

பதிலுக்கு நிற்கும் எலிமென்ட்டை ஏற்க மறுக்கிறது

‘ஒலிநூல்’ என்ற எலிமென்ட்டை எழுதி, சப்ஸ்டிட்யூஷன்குரூப்="நூ:பதிவு" என்று, அதாவது பதிவின் இடத்தில் இது நிற்கலாம் என்று, கொடுத்தாயிற்று. ஸ்கீமா எரர் இல்லாமல் ஏறுகிறது. ஆனால் ஆவணத்தில் ஒலிநூல் என்று எழுதினால் ‘இங்கே பதிவுதான் வர வேண்டும்’ என்று சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப் 2.4.ஏ வருகிறது.

நூலகம் என்ற டைப்புக்குள் பதிவு எப்படி வருகிறது என்று பாருங்கள். ‘நேம்’ போட்டு அங்கேயே அறிவித்திருந்தால் அது உள்ளூர் எலிமென்ட். உச்சியில் இருக்கும் பதிவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், வேறு உறவில்லை. ‘ரெஃப்’ போட்டு உச்சியில் இருப்பதைச் சுட்டினால்தான் அதன் இடத்தில் மற்றவை வந்து நிற்க முடியும். இந்த ஒரு சொல்லை மாற்றியதும் தீர்ந்துபோன வழக்குகள் எனக்குத் தெரிந்தே பல.

ஸ்கீமா ஏறும்போதே ஈ-ப்ராப்ஸ்-கரெக்ட் 4 வந்தால், ஒலிநூலின் டைப் பதிவின் டைப்பிலிருந்து வழிவரவில்லை என்று பொருள். இந்த வழியிலும் மேலே சொன்ன பெயருறவு தேவை. ஒரே எலிமென்ட்டை இரண்டு குரூப்பில் சேர்க்க வேண்டுமானால் 1.1 வேண்டும்.

பெரிய தரநிலைகள் இந்த வழியை நம்பியே கட்டப்பட்டவை. நிறுவனக் கணக்கறிக்கைக்கான எக்ஸ்பிஆர்எல் 2.1இல் ஒவ்வொரு கணக்குத் தலைப்பும் ‘ஐட்டம்’ அல்லது ‘டூப்பிள்’ என்ற எலிமென்ட்டின் குரூப்பில் சேர்ந்துதான் உயிர்பெறுகிறது. வரைபடங்களுக்கான கேஎம்எல் 2.2இல் ‘பிளேஸ்மார்க்’ என்பது ஓர் ஆப்ஸ்ட்ராக்ட் ஃபீச்சரின் இடத்தில் வந்து நிற்பதுதான். இவற்றை நீட்டும்போது எரர் வந்தால், முதலில் அந்தத் தலைமை எலிமென்ட் எது என்று கண்டுபிடியுங்கள்.

நீட்டிய எலிமென்ட் ‘தப்பான இடத்தில்’ இருக்கிறது என்கிறது

இதற்கும் 2.4.ஏ. அதிகமான பேரைக் குழப்புவது இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எக்ஸ்டென்ஷன் என்றால் பழைய உள்ளடக்கம் முழுவதும் முதலில், புதியது அதன் பின்னால். அவ்வளவுதான். நடுவில் செருக முடியாது. ஆசிரியருக்குப் பக்கத்திலேயே வாசித்தவரை வைப்பது நமக்கு இயல்பாகத் தோன்றும். ஆண்டுக்குப் பிறகுதான் வர முடியும்.

அடிப்படை டைப் ‘சாய்ஸ்’ (பலவற்றில் ஒன்றைத் தேர்வது) ஆக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எதுவும் எத்தனை முறையும் எந்த வரிசையிலும் வரலாம் என்று ஒரு சாய்ஸ் வைத்திருக்கிறீர்கள். அதை நீட்டி, உள்ளே வாசித்தவருக்கு ஒரு சாய்ஸ் எழுதுகிறீர்கள். இரண்டும் ஒரே கூடையில் கலக்கும் என்று எதிர்பார்ப்போம். கலக்காது. முதல் சாய்ஸ் முடிந்த பிறகு இரண்டாவது சாய்ஸ் என்று வரிசையாக நிற்கும். வாசித்தவருக்குப் பிறகு ஒரு தலைப்பு வந்தால் எரர். கலக்க வேண்டுமானால் அந்தச் சாய்ஸுக்குள் ஓர் ஆப்ஸ்ட்ராக்ட் எலிமென்ட்டை முன்கூட்டியே வைத்து, புதியவற்றை அதன் சப்ஸ்டிட்யூஷன் குரூப்பில் சேர்ப்பதுதான் 1.0இல் நல்ல வழி. அடிப்படை ‘ஆல்’ (எல்லாம் எந்த வரிசையிலும் வரலாம் என்பது) ஆக இருந்தால் 1.0இல் உள்ளடக்கம் சேர்த்து நீட்டவே முடியாது, 1.1இல் ஆலோடு ஆலைச் சேர்க்கலாம்.

ஓட்டப் பயிற்சிக் கடிகாரங்கள் எழுதும் ஜிபிஎக்ஸ் ஃபைலில் இதே அறிகுறி வேறு முகத்தோடு வரும். 2004இல் வந்த ஜிபிஎக்ஸ் 1.1இல் ஒவ்வொரு தடப்புள்ளிக்குள்ளும் முதலில் உயரம், அடுத்து நேரம், அப்புறம் மற்றவை, எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’. இதயத் துடிப்பு போன்ற கூடுதல் தகவல் எல்லாம் அந்தக் கடைசிப் பைக்குள்தான். பையை நேரத்துக்கு முன்னால் வைத்தாலும், துடிப்பைப் பைக்கு வெளியே நேரடியாக வைத்தாலும் 2.4.ஏ. முந்தைய 1.0இல் பை இல்லாமல் நேரடியாகவே வைக்க முடிந்தது. அதனால் பழைய ஃபைலில் பதிப்பு எண்ணையும் நேம்ஸ்பேஸையும் மட்டும் மாற்றி 1.1 ஆக்கினால் கட்டாயம் உடையும்.

‘எந்த விதி என்று முடிவுசெய்ய முடியவில்லை’

சிஓஎஸ்-நான்அம்பிக். ஸ்கீமாவின் தவறு. ஓர் எலிமென்ட்டைப் பார்த்த கணத்தில், அடுத்து வருவதைப் பார்க்காமலேயே, அது எந்த விதிக்குரியது என்று தெரிந்துவிட வேண்டும் என்பது எக்ஸ்எஸ்டியின் நிபந்தனை. பிற்காலத்துக்கு இடம் விடலாம் என்று நல்லெண்ணத்தோடு டைப்பின் கடைசியில் ‘எனி’ என்ற வைல்டுகார்டு வைத்து, நேம்ஸ்பேஸ் ##எனி என்று கொடுத்தால், அதற்கு முந்தைய ஆண்டு விருப்ப எலிமென்ட்டாக இருக்கும் பட்சத்தில் உடனே இந்த எரர். ஆண்டு என்று வந்தால் அது ஆண்டா, ‘எது வேண்டுமானாலும்’ என்பதா? அதே வைல்டுகார்டோடு பதிவுவகையை நீட்டி வாசித்தவரைச் சேர்த்தாலும் இதே கதி.

1.0இல் வழி, ##எனிக்குப் பதில் ##அதர். அதாவது வேறு நேம்ஸ்பேஸில் உள்ளவை மட்டும். இதற்கு இரண்டு விலை உண்டு. உங்கள் சொந்த நேம்ஸ்பேஸில் அடுத்த பதிப்பில் சேர்ப்பதைப் பழைய ஸ்கீமா ஏற்காது. அப்புறம், நேம்ஸ்பேஸே இல்லாத எலிமென்ட்களையும் 1.0இன் ##அதர் தள்ளிவிடும். விரிவாக்கம் எழுதுபவர் ‘எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட்’டைக் கவனிக்காமல் விட்டால், அதன் இயல்பு மதிப்பு ‘அன்குவாலிஃபைடு’. அந்த ஸ்கீமாவின் டைப்பை நம்பி நேரடியாக எழுதப்படும் உள்ளூர் எலிமென்ட்கள் நேம்ஸ்பேஸ் இல்லாமல் வந்து இங்கே முட்டும்.

1.1 இதைச் சரியாகத் தீர்த்தது: பெயர் சொன்ன எலிமென்ட்டும் வைல்டுகார்டும் போட்டியிட்டால் எலிமென்ட்டுக்கே முதலிடம். ‘ஓபன்கான்டென்ட்’ என்ற வசதியால் வரிசைக்கு நடுவிலும் அந்நிய எலிமென்ட்களை விடலாம். உங்கள் பக்கமும் எதிர்ப்பக்கமும் 1.1 ஓடும் என்று உறுதியிருந்தால் தயங்காமல் மாறுங்கள்.

‘வைல்டுகார்டு பொருந்துகிறது, அறிவிப்பு இல்லை’

சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப் 2.4.சி. வைல்டுகார்டின் ‘ப்ராசஸ்கான்டென்ட்ஸ்’ எதுவும் எழுதாமல் விட்டால் அது ‘ஸ்ட்ரிக்ட்’. உள்ளே வருவதற்கு ஸ்கீமா இருந்தே தீர வேண்டும். ‘லேக்ஸ்’ என்று மாற்றினால், ஸ்கீமா இருந்தால் சோதிக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். ஜிபிஎக்ஸின் பை இப்படித்தான். ‘ஸ்கிப்’ என்றால் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை.

லேக்ஸ் ஆக்கியதும் எரர் போய்விடும். அங்கேதான் கவனம் தேவை. விரிவாக்கத்தின் நேம்ஸ்பேஸ் முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் வேலிடேட்டருக்கு அது ‘ஸ்கீமா இல்லாத எலிமென்ட்’; பேசாமல் ஏற்றுக்கொள்ளும். தரவு உள்ளே இருக்கும், படிக்கும் நிரல் அதைக் காணாது. நான் லேக்ஸ் வைத்த ஒவ்வொரு இடத்திலும் செய்யும் சோதனை ஒன்று உண்டு: நிமிடம் என்ற எலிமென்ட்டுக்குள் வேண்டுமென்றே ‘அரை மணி’ என்று எழுதி ஓட்டுவேன். எரர் வந்தால் விரிவாக்க ஸ்கீமா உண்மையில் ஏறியிருக்கிறது. வராவிட்டால் இவ்வளவு நாள் எதுவும் சோதிக்கப்படவே இல்லை.

ரெஸ்ட்ரிக்ஷன் எழுதினால் ஸ்கீமா ஏற மறுக்கிறது

ரெஸ்ட்ரிக்ஷனில் அடிப்படை டைப்பின் எலிமென்ட்களில் தேவையானவற்றையெல்லாம் திரும்ப எழுத வேண்டும். எழுதாமல் விட்டது நீக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அது கட்டாய எலிமென்ட்டாக இருந்தால் எரர். ஆட்ரிபியூட்டுகளுக்கு நேரெதிர்: எழுதாவிட்டாலும் அவை தொடர்ந்து வரும், வேண்டாம் என்றால் ‘ப்ரொஹிபிட்டட்’ என்று சொல்ல வேண்டும். அடிப்படை மாறும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருப்பதால், 1.1 கிடைக்கும் இடத்தில் ‘அசர்ட்’ என்ற நிபந்தனை வரியால் இதே வேலையைச் செய்வதை நான் விரும்புகிறேன்.

வேலிடேட்டருக்குச் சரி, நிரலில் துணைவகை காணாமல் போகிறது

ஜாவாவில் ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்களாக மாற்றும் கருவி) பயன்படுத்தினால், அடிப்படை கிளாஸிலிருந்து அதன் துணை கிளாஸ்களைத் தெரியப்படுத்த ‘எக்ஸ்எம்எல்சீஆல்சோ’ வேண்டும். அல்லது எல்லா கிளாஸ்களையும் சேர்த்து கான்டெக்ஸ்ட் உருவாக்குங்கள். ஸ்கீமாவிலிருந்து கிளாஸ்களை உருவாக்கியபோது நீட்டிப்பு ஃபைலைச் சேர்த்தீர்களா என்றும் பாருங்கள்.

பெயர் கண்ணுக்கு ஒன்றுதான், ஆனாலும் டைப் இல்லை என்கிறது

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இது. மறுபடியும் 4.2. முன்னொட்டு சரி, ஃபைல் ஏறியது சரி, பெயரிலும் பிழையில்லை. டைப்பின் பெயர் ‘பொதுவகை’ என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் ‘பொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, ஆனால் எக்ஸ்எம்எல் பெயர்களைக் குறியீடு குறியீடாக ஒப்பிடும். ஸ்கீமாவை ஒரு கீபோர்டிலும் ஆவணத்தை இன்னொன்றிலும் தட்டியிருந்தால் அவை வேறு வேறு பெயர்கள். ஔ என்ற ஒலிக்கு ஔகாரக் குறியின் இடத்தில் ‘ள’வைத் தட்டுவதும் இதே கதைதான்.

‘ஸ்ரீ’ இன்னும் சிக்கல். பழைய ஃபைல்களில் அது ஸகரத்தில் தொடங்கும்; 2005இல் யூனிகோடு 4.1இல் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு வந்த கீபோர்டுகளில் ஶகரத்தில் தொடங்கலாம். இவை இரண்டையும் யூனிகோடுகூடச் சமமாகக் கொள்வதில்லை. எக்ஸ்எம்எல் 1.0இன் நான்காம் பதிப்பு வரை ஶ எழுத்துக்குப் பெயர்களில் அனுமதியும் கிடையாது. 2008இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் அனுமதித்தது. செர்செஸ் நான்காம் பதிப்பைப் பின்பற்றுவது, அதனால் அங்கே ஸ்கீமாவுக்கு வருவதற்கு முன்பே, படிக்கும்போதே நின்றுவிடும்.

இரண்டு பெயர்களையும் பைத்தானில் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எண்களைப் பாருங்கள், வித்தியாசம் ஒரே நிமிடத்தில் தெரியும். பிறகு எல்லா ஃபைல்களையும் என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். ஒகரம், ஓகாரம் சரியாகிவிடும். ஸ்ரீயும் ‘ள’வும் அதில் சரியாகாது, கையால்தான் திருத்த வேண்டும்.